கேபிளை நிறுத்திய பிறகு உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

புதுக்கோட்டைக்காரன்:
கேபிளை நிறுத்திவிட்டு ஃபைபர் இணைப்பும் நெட் வழியாகப் படம் காட்ட டிவியில் செருகும் ஒரு ஸ்டிக்கும் போட்டாயிற்று. காரணம் செலவுதான், வேறென்ன. அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததுதான் மனதில் நிற்கிறது. சீரியல் நேரத்துக்கு அப்பத்தா வந்து உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தார். எண் பட்டன் ஒன்றுகூட இல்லை. கட்டைவிரல் அந்த வட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. எதையோ அழுத்தியதும், யார் பார்க்கப்போவது என்று கேட்கும் திரை வந்துவிட்டது. எங்கள் நாலு பேர் பெயரும் வரிசையாக நின்றன. “எம் பேரக் காணோமே” என்று ரிமோட்டை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிரவே அவர் பெயரையும் சேர்த்துவிட்டேன். ஆனாலும் இப்போது நான் போட்டுக் கொடுத்தால்தான் பார்க்கிறார்.

வடசேரி:
செலவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள், கணக்கு இடிக்கிறதே. 2019ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டணமுறை வந்தபோது 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் வரியோடு 153 ரூபாய் சொச்சம். கட்டணச் சேனல்கள் தனி, சரி. ஃபைபர் பில்லையும் ஓடிடி சந்தாக்களையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு ஆறாதது 2023 ஐபிஎல் இறுதி ஆட்டம். இரண்டு பந்தில் பத்து ரன். ஜடேஜாவின் சிக்ஸருக்கு நாங்கள் கத்தி ஓயவில்லை, கேபிள் வைத்திருக்கும் எதிர்வீட்டில் வெடி வெடித்துவிட்டது. எங்கள் திரையில் மோகித் சர்மா இன்னும் கடைசிப் பந்தைப் போடவே இல்லை. அந்த பவுண்டரியை முடிவு தெரிந்துகொண்டே பார்த்தோம். ஸ்ட்ரீமிங்கில் படம் சில விநாடித் துண்டுகளாக வந்து, கொஞ்சம் சேர்ந்த பிறகுதான் ஓடும். பிந்தத்தான் செய்யும். கிரிக்கெட்டுக்குக் கேபிளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மாடிவீடு:
பெட்டியைத் திருப்பி வாங்க எங்கள் தெருக் கேபிள்காரர் வந்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்கள் மொட்டைமாடி வழியாக ஒயர் இழுத்தவர். கோபமே இல்லை. ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே, “நெட்டும் நாங்களே குடுக்குறோம் தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். பதில் சொல்ல வரவில்லை. நிறுத்துகிறவர்கள் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

பழைய லேப்டாப்:
எங்கள் வீட்டில் நெட் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தனை சந்தாவும் இருந்தும் பிள்ளைகள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் வீட்டு சர்வர் போட முடிவெடுத்தேன். யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் போடுங்கள். அதில் சேமித்த படங்களை டிவிக்கு அனுப்பும் மென்பொருள், இலவசம். நெட் இல்லாவிட்டாலும் ரவுட்டர் ஓடினால் போதும், வீட்டுக்குள் படம் வரும். லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு லேன் ஒயர் இழுங்கள், பெரிய ஃபைல்களுக்கு வைஃபை திணறும். படத்தின் பெயரோடு வெளியான ஆண்டையும் ஃபைல் பெயரில் எழுதுங்கள், தப்பான போஸ்டர் வருவது குறையும். படம் திக்கினால் முதலில் சப்டைட்டிலை அணைத்துப் பாருங்கள். சில வகை சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்துக் காட்ட, சர்வர் முழு வீடியோவையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும், பழைய பிராசஸர் தாங்காது. கல்யாண வீடியோ மாதிரி திரும்பக் கிடைக்காதவற்றை இன்னொரு டிஸ்க்கிலும் வையுங்கள். புதுக்கோட்டைக்காரரே, அப்பத்தாவுக்கு ரிமோட்டில் மைக் பட்டனைக் காட்டிக் கொடுங்கள். சீரியல் பெயரைச் சொன்னால் போதும், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.