டோமோகிராஃபிக்கு 'கீற்றுப்படம்' பொருந்துமா?

நண்பர்களே,

உடலின் உட்பகுதியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோலப் படமெடுக்கும் முறைதான் டோமோகிராஃபி. அதற்குத் தமிழில் 'வெட்டுப்படம்' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். டோமோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெட்டு, துண்டு என்றுதான் பொருள். அதில் பிழையில்லை. ஆனால் சீட்டில் 'மூளை வெட்டுப்படம்' என்று எழுதிக் கொடுத்தால், மண்டையைத் திறக்கப் போகிறார்கள் என்றே நோயாளி நினைப்பார். ஆங்கிலத்திலும் இப்படி ஒரு சிக்கல் வந்ததே! காந்தப்புலத்தைக் கொண்டு படமெடுக்கும் எம்ஆர்ஐயின் பழைய பெயரில் 'அணுக்கரு' என்ற சொல் இருந்தது. கதிரியக்கமோ என்று மக்கள் அஞ்சியதால் அதை விட்டுவிட்டார்கள்.

என் பரிந்துரை 'கீற்றுப்படம்'. பழத்தை நறுக்கினாலும் கீற்றுதான், இடுக்கில் நுழையும் ஒளியும் கீற்றுதான். 1971இல் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேன் கருவி லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்ததும் அப்படித்தான். மெல்லிய ஊடுகதிர் (எக்ஸ்ரே) கற்றையைப் பல கோணங்களில் செலுத்தி, மூளையின் ஒரு கீற்று எப்படியிருக்கும் என்று கணக்கிட்டது.

சரி, முன்னொட்டுகளுக்கு வருவோம். சிடிக்கு 'ஊடுகதிர்க் கீற்றுப்படம்', எம்ஆர்ஐக்கு 'காந்தக் கீற்றுப்படம்' போதும். பெட் ஸ்கேனுக்கு, அதன் ஆங்கிலப் பெயரில் உள்ளபடி 'பாசிட்ரான்' என்று தொடங்க எனக்கு மனமில்லை. மற்ற இரண்டும் பெரும்பாலும் மூளையின் அமைப்பைக் காட்டுகின்றன. இதுவோ உடலுக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருள் எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டுகிறது. அல்சைமர் நோயில், நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி சுருங்கியிருப்பதை எம்ஆர்ஐயில் பார்க்கலாம். மூளையின் பக்க, பின்மேல் பகுதிகள் குளுக்கோஸைக் குறைவாக எடுத்துக்கொள்வது பெட்டில்தான் தெரியும். பார்க்கின்சன் நோயில் வழக்கமான எம்ஆர்ஐ பலருக்கு இயல்பாகவே இருக்கும். டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு முனைகள் குறைந்திருப்பதை, பெட்டைப் போலவே கதிரியக்கப் பொருளைப் பின்தொடரும் ஸ்பெக்ட் ஸ்கேன் காட்டிவிடும். எனவே கதிரியக்கப் பொருளின் சுவட்டைக் காட்டும் பெட், ஸ்பெக்ட் இரண்டுக்கும் பொதுவாகச் 'சுவட்டுக் கீற்றுப்படம்' என்று வைத்து, தேவையான இடத்தில் மட்டும் பிரித்துச் சொல்லலாம்.

நீர் மூலக்கூறுகளின் நடமாட்டத்தைப் படமாக்கும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐயில்தான் நான் தடுமாறுகிறேன். பக்கவாதத்தில் ரத்தக்கசிவு இருந்தால் சிடியில் உடனே தெரியும். ரத்தக்குழாய் அடைப்பு என்றால் முதல் சில மணி நேரம் சிடி இயல்பாகவே தோன்றலாம். டிஃப்யூஷன் படத்திலோ சில நிமிடங்களிலேயே அந்த இடம் பளிச்சென்று தெரிந்துவிடும், ஏனென்றால் செல்கள் வீங்கி அங்கே நீர் மூலக்கூறுகளின் நடமாட்டம் தடைப்படுகிறது. இதற்குப் 'பரவல்' என்று பெயர் வைத்தால் நோய் பரவிவிட்டது என்று படிப்பவர் கலங்குவார். படம் காட்டுவதோ பரவல் குறைந்துபோன இடத்தை! பாடநூல்களில் உள்ள 'விரவல்' கொஞ்சம் மேல், ஆனால் கலத்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. 'நீர்நடமாட்டக் காந்தக் கீற்றுப்படம்' என்றால் விளங்குகிறது, ஆனால் நீளம்தான் இடிக்கிறது. இதைவிடச் சிறிய சொல் தோன்றினால் எழுதுங்கள்.