கம்பைலருக்கு ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டால் நான் எழுதிய மெம்செட் தன்னையே கூப்பிடுகிறது, ஏன்?

பூட்லோடர்வாசி:
கார்ட்டெக்ஸ் எம்4 ப்ராசசர் போர்டு ஒன்றுக்கு ஓஎஸ், லிப்சி (சி மொழியின் ஸ்டாண்டர்டு லைப்ரரி) எதுவும் இல்லாமல் ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருக்கிறேன். மெமரியில் ஒரே மதிப்பை நிரப்பும் மெம்செட்டும் சொந்தச் சரக்குதான், ஒரு ஃபார் லூப், பைட் பைட்டாக எழுதும், கடைசியில் பாயிண்டரைத் திருப்பித் தரும், அவ்வளவே. ஓ1 வரை ஒழுங்காக ஓடுகிறது. ஓ2 போட்டால் மெயினை எட்டுவதற்குள்ளேயே ஹார்டுஃபால்ட் (ப்ராசசர் பிழை). ஜிடிபி டீபக்கரில் பேக்ட்ரேஸ் (எது எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) பார்த்தால் திரை முழுக்க மெம்செட், மெம்செட், மெம்செட். ரிகர்ஷன் நான் எழுதவே இல்லையே! கம்பைலர் ஜிசிசி 10, லிப்சி இல்லை என்று அதற்குச் சொல்லும் ஃப்ரீஸ்டாண்டிங் ஃப்ளாகும் இருக்கிறது. கம்பைலரில்தான் கோளாறா?

ஹெக்ஸ்டம்ப்:
ஆப்ஜெக்ட் ஃபைலை டிஸ்அசெம்பிள் செய்து அந்த ஃபங்ஷனை மட்டும் போடுங்கள், பார்க்கலாம்.

பூட்லோடர்வாசி:
ஆர்4, எல்ஆர் ரெஜிஸ்டர்கள் இரண்டையும் ஸ்டாக்கில் புஷ் செய்கிறது, நீளம் சைபரா என்று பார்க்கிறது, உடனே "பிஎல் மெம்செட்", அதாவது மெம்செட்டைக் கூப்பிடும் கட்டளை. லூப்பையே காணோம்.

ஹெக்ஸ்டம்ப்:
நினைத்தேன். ஒரே மதிப்பை வரிசையாக எழுதும் லூப்பைக் கண்டால் ஜிசிசி "ஓ, இது மெம்செட்" என்று அடையாளம் கண்டு லூப்பைத் தூக்கிவிட்டு மெம்செட்டைக் கூப்பிடும் கட்டளையை (கால்) வைக்கும். வேறு எந்த ஃபங்ஷனிலும் அது நல்ல காரியம், இங்கே அந்த ஃபங்ஷனே மெம்செட் என்பதால் தன்னைத்தானே கூப்பிடுகிறது. சுற்றுக்கு 8 பைட் வீதம் ஸ்டாக் இறங்கி ரேமின் அடிமட்டத்தைத் தாண்டியதும் ஃபால்ட். முன்பு ஓ3-இல் மட்டும் இருந்தது, ஜிசிசி 10-இலிருந்து ஓ2-க்கே வந்துவிட்டது.

ஃப்ரீஸ்டாண்டிங்கை நம்பாதீர்கள். மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் நான்கையும் அந்த நிலையிலும் நீங்கள்தான் தர வேண்டும் என்று ஜிசிசி ஆவணத்திலேயே இருக்கிறது.

வோலடைல்விரும்பி:
பாயிண்டரை வோலடைல் ஆக்கிவிடுங்கள், முடிந்தது கதை.

ஹெக்ஸ்டம்ப்:
முடியும்தான், ஆனால் கம்பைலர் அதற்கப்புறம் அந்த லூப்பில் கையே வைக்காது, கடைசிவரை பைட் பைட்டாகத்தான் போகும். பெரிய பஃபர் என்றால் வலிக்கும். மொத்த ப்ராஜெக்டையும் ஓ1-க்கு இறக்குவதும் இதே மாதிரி வைத்தியம்தான். மெம்செட் இருக்கும் ஃபைலுக்கு மட்டும், இந்த லூப் மாற்றத்தை நிறுத்தும் நோ-ட்ரீ-லூப்-டிஸ்ட்ரிபியூட்-பேட்டர்ன்ஸ் என்ற எஃப் ஃப்ளாகைக் கொடுங்கள். லினக்ஸில் ஓடும் சி லைப்ரரியான ஜிலிப்சியை எழுதுபவர்களும் இதே ஃப்ளாகைத்தான் ஒரு மேக்ரோவில் சுற்றி, ஃபங்ஷன் தலையில் ஆப்டிமைஸ் அட்ரிபியூட்டாக வைத்திருக்கிறார்கள். அந்த அட்ரிபியூட் டீபக்கிங்குக்கு மட்டும்தான் என்று ஜிசிசி ஆவணம் சொல்வதால் எனக்கு ஃபைல் வாரியாக ஃப்ளாக் கொடுக்கும் மேக்ஃபைல் வழிதான் பிடிக்கும்.

லிங்கர்ராசா:
எல்டிஓ (லிங்க் செய்யும்போது எல்லா ஃபைலையும் சேர்த்து ஆப்டிமைஸ் செய்வது) போட்டிருந்தால் அந்த ஃபைலை அதிலிருந்தும் விலக்கிவிடுங்கள். இந்த மெம்செட் கால்களைக் கம்பைலர் பின்னால்தான் உருவாக்குகிறது, அதற்குள் "யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்" என்று உங்கள் மெம்செட்டைத் தூக்கிப்போட வாய்ப்பு உண்டு. கிளாங் கம்பைலருக்கு மாறினால், ஃபங்ஷன் பெயர் மெம்செட், மெம்காப்பி என்றிருந்தால் அது இந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டுவிடும்.

பூட்லோடர்வாசி:
அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் ஃப்ளாக் போட்டேன், எல்டிஓவையும் எடுத்துவிட்டேன். லூப் திரும்ப வந்துவிட்டது, ஓ2-இல் பூட் ஆகிறது. மெம்காப்பியும் அதே ஃபைலில்தான் இருக்கிறது, தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

ஹெக்ஸ்டம்ப்:
வேண்டாம், அதே ஃப்ளாக் அதற்கும் சேர்த்துத்தான். பிஎஸ்எஸ்ஸை (ஆரம்ப மதிப்பு தராத குளோபல் மாறிகள் இருக்கும் பகுதி) சைபராக்கும் ஸ்டார்ட்அப் லூப் மெம்செட் காலாக மாறியிருந்தால் பதறாதீர்கள், அது அப்படியே இருக்கட்டும்.