சி.ஆர்.எம். போட்டும் விற்பனை ஏறவில்லை, எங்கே கோளாறு?

காரைக்குடி கடைக்காரர்: வணக்கம். சென்ற தை முதல் எங்கள் கடையில் வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்துவைக்கும் சி.ஆர்.எம். மென்பொருள் ஓடுகிறது. விற்பனை கூடவில்லை, வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேற்பட்டோரை ‘கைவிட்டுப் போனவர்கள்’ என்று அறிக்கை காட்டுகிறது. சந்தாவை நிறுத்திவிடலாம் என்கிறார் முதலாளி. அவசரம், உதவுங்கள்.

தேவகோட்டை வணிகன்: என்ன கடை என்றே சொல்லவில்லையே, ஐயா. எத்தனை நாள் வராதவரைக் கைவிட்டவராகக் கணக்கிடுகிறது? கைபேசி எண்ணை வாங்குபவர் யார்?

குறுஞ்செய்தி அன்பர்: மென்பொருள் வழியாக வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகள் போய்ச் சேர்ந்திருக்காது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும்; வாசகம் மாறினால் செய்தி வழியிலேயே தடுக்கப்படும்.

கணக்கப்பிள்ளை: இதைப் பலமுறை விளக்கியாயிற்று, தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. யார், எப்போது, எவ்வளவுக்கு வாங்கினார் என்பதை மட்டுமே மென்பொருள் சொல்லும். அதை வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டியவர் கடைக்காரர்.

காரைக்குடி கடைக்காரர்: கண்டாங்கிச் சேலைக் கடை. 90 நாள். எண் இல்லாமல் பில் வராது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை: 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியோடு விசைத்தறிச் சேலையையும் ஒரே அடுக்கில் வைத்திருந்தால், எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

தேவகோட்டை வணிகன்: 90 நாள் கணக்கு மளிகைக் கடைக்குப் பொருந்தும். சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, கல்யாணத்துக்கும் முன்னோர்க்குப் படையலிடும் படைப்புக்கும் மட்டும் பூட்டிய வீட்டைத் திறக்க வருகிற குடும்பங்கள் உங்கள் கடைக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே அவர்கள் நிலையான வாடிக்கையாளர்கள்தாம்; அவர்களை ‘இழந்தவர்’ பட்டியலில் சேர்த்துத் தள்ளுபடிச் செய்தி அனுப்பினால் லாபம்தான் குறையும். ஒருமுறை வெளிநாட்டு எண், மறுமுறை உள்ளூர் எண் என்று கொடுப்பதால் ஒரே ஆச்சி இரண்டு பேராகப் பதிவாகியிருப்பார். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் பெயரை வைத்தும் பிரித்தறிய முடியாது. ஆகவே குடும்ப விலாசத்தையும் ஊரையும் சேர்த்துப் பதியுங்கள். காலவரம்பை ஒன்றரை ஆண்டாக்குங்கள். முகூர்த்த நாள் பில்களில் என்ன எண் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

கானாடுகாத்தான் வாசகி: பில் போட எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் நலத்துறை 2023 மே மாதத்தில் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறதே?

கணக்கப்பிள்ளை: அறிவுரை வேறு, சட்டம் வேறு, அம்மா.

கானாடுகாத்தான் வாசகி: தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023இல்தான் இயற்றப்பட்டது, ஐயா, ஒப்புதல் பெறுவது அதன் அடிப்படை. மேலும், வற்புறுத்தினால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தத் தரவால் கடைக்கு என்ன பயன்?

கணக்கப்பிள்ளை: எண்ணே கேட்காவிட்டால் மென்பொருளை வாங்கியதே வீண்.

காரைக்குடி கடைக்காரர்: பார்த்தோம். முகூர்த்த நாள் பில்களில் பெரும்பாலானவை கடையின் சொந்த எண்ணிலேயே இருக்கின்றன. கூட்ட நேரத்தில் பில் போடும் தம்பி அதையே தட்டியிருக்கிறார். காலவரம்பை மாற்றச் சொல்லிவிட்டேன். நன்றி.

குறுஞ்செய்தி அன்பர்: டி.எல்.டி. பதிவு இருக்கிறதா, இல்லையா?