கேர்ன்கார்ம்: நீலமலையா, செம்மலையா?

மலைவழி (வினா):
வணக்கம். ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகரில் வசிக்கும் நான், கேர்ன்கார்ம் மலைகளில் நடக்கச் செல்லும்போதெல்லாம் அங்குள்ள கேலிக் (ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்று) இடப்பெயர்களைப் பொருளுடன் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். கேர்ன்கார்ம் என்ற பெயரில், அகராதியின்படி ‘கார்ன்’ என்றால் கற்குவியல் அல்லது பாறைக்குன்று. ‘கோரம்’ என்றால் நீலம். ஆனால் இதே மலைத்தொடருக்குக் கேலிக் பெயர் ‘மோனா ருவா’, அதாவது செம்மலை. ஒரே மலை நீலமாகவும் சிவப்பாகவும் எப்படி இருக்கும்? பெயர்களைப் பதியும்போது வரைபட எழுத்துக்கூட்டலை அப்படியே நம்பலாமா?

செங்கல்வரை:
அவை ஒரே மலையின் பெயர்கள் அல்ல. நீலம் என்பது 1,245 மீட்டர் உயரமுள்ள ஒரு சிகரத்துக்கு மட்டுமே உரியது. அதைப் பிற்காலத்தில் தொடர் முழுவதற்கும் ஆங்கிலத்தில் இட்டு வழங்கிவிட்டார்கள். தொடரின் பழைய பெயர் பாறையைப் பார்த்து வைத்தது. அங்குள்ள கிரானைட், புதிதாக உடைந்த முகத்தில் இளஞ்சிவப்பாக இருக்கும். ஓடையோரச் சரளைக்கல் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தாலே புரிந்துவிடும். ஸ்பே ஆற்றின் மறுபுறம் நிற்கும் மலைகளோ ‘மோனா லியா’, சாம்பல்நிற மலைகள். பள்ளத்தாக்கில் நின்று இருபக்கமும் பார்த்தால்தான் இவ்விரு பெயர்களும் ஒன்றையொன்று நோக்கி வைக்கப்பட்டவை என்பது விளங்கும். தவிர, ‘கோரம்’ என்ற சொல் இளம்புல்லின் பசுமையையும் குறிக்கும். கேலிக் நிறச்சொற்களின் எல்லைகள் நம்முடையவற்றோடு பொருந்துவதில்லை என்பதால், அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடாதீர்கள்.

ஏட்டுச்சுவடி:
எழுத்துக்கூட்டல் பற்றிச் சொல்கிறேன். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தை அளந்தபோது, பெயர்ப்பதிவேடுகளில் ஒவ்வொரு பெயருக்கும் வழங்கிவந்த எழுத்து வடிவங்கள், அவற்றைச் சொன்னவர்கள், இடத்தின் அமைவு, விவரிப்பு எனத் தனித்தனிப் பத்திகள் வைத்தது. இவை இன்று இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. நான் முதலில் பார்ப்பது, சொன்னவர் யார் என்ற பத்தியைத்தான். அதில் நிலவுடைமையாளர், பாதிரியார், பள்ளி ஆசிரியர் ஆகியோரின் பெயர்கள் அடிக்கடி வரும். அந்த மலையில் ஆடு மேய்த்தவரின் குரல் அதில் பதிவாகாமல் போயிருக்கலாம் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

எழுத்து சரியாக இருந்தாலும் ஒலி அதற்குள் மறைந்திருக்கும். கேர்ன்கார்ம் சிகரத்தின் வடமுகத்தில் பனி தேங்கும் கிண்ணம் போன்ற பள்ளம் ஒன்று உண்டு. அதன் பெயரில் வரும் ‘கொரெ’ என்றால் கொப்பரை, ‘ஸ்னெஹ்க’ என்றால் வெண்பனி. வரைபடத்தில் அச்சொல்லின் முன் ஒரு ‘ட்’ சேர்ந்திருக்கும். அது சேர்ந்ததும் ‘ஸ்’ ஒலிக்காது, ‘ன்’ என்பது ‘ர்’ ஆகி, ‘கொரெ அன் ட்ரெஹ்க’ என்றே காதில் விழும். ஆகவே எழுத்தையும் ஒலியையும் தனித்தனியே பதியுங்கள்.

மலைவழி:
மிக்க நன்றி. ஸ்கை தீவில் பிறந்த என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படித்தான் உச்சரித்தார். நான் தவறாகக் கேட்டுவிட்டதாக எண்ணி, வரைபடத்தைப் பார்த்துத் திருத்தி எழுதிவிட்டேன்.

ஏட்டுச்சுவடி:
அந்தத் திருத்தத்தை நீக்கிவிட்டு, நீங்கள் முதலில் கேட்டதையே எழுதுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் குரலையும் ஒலிப்பதிவு செய்து, நாளையும் அவர் வளர்ந்த ஊரையும் குறித்து வையுங்கள். ஸ்கை வழக்கும் ஸ்பே கரை வழக்கும் ஒன்றல்ல என்பதால், பின்னால் கேட்பவருக்கு அந்த ஊர்ப்பெயர் கட்டாயம் தேவைப்படும்.