அடுத்தவர் சுட்ட தோட்டாவின் பிராஸை யார் பொறுக்கலாம்?

ஆஸ்டின்வாசி:
போன சனிக்கிழமை இங்கே டெக்சஸில் ஒரு திறந்தவெளித் துப்பாக்கி ரேஞ்சில் நடந்தது. என்னுடையது .308 செமி-ஆட்டோ ரைஃபிள். சுட்டபின் மிஞ்சும் காலிப் பித்தளைக் கேஸ்களை (அதுதான் பிராஸ்) வலப்பக்கம் பத்தடி தள்ளித்தான் வீசும். இருபது ரவுண்ட் முடித்துத் திரும்பிப் பார்த்தால், பக்கத்து லேன்காரர் குனிந்து என் கேஸ்களைத் தன் வாளியில் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் காலி கேஸில் மறுபடி மருந்தும் குண்டும் அடைத்து ரீலோட் செய்கிறவன், அது எனக்கு வேண்டும் என்றேன். என் பக்கம் விழுந்தது எனக்குத்தானே என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எட்டு கேஸ் போச்சு. நான் அற்பத்தனமாகப் பேசுகிறேனா, அவர் செய்தது தப்பா?

வாளிக்காரன்:
நானும் வாளியோடு போகிறவன்தான், அதனால் அவர் பக்கம் பேசுகிறேன். ரேஞ்சுக்கு வருகிறவர்களில் நிறைய பேர் ரீலோட் செய்வதே இல்லை. சுட்டுவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆத்துல போற தண்ணி, அய்யா குடி அம்மா குடி. 9 எம்எம் பிஸ்டல் கேஸ் ஒன்று 4 கிராம்கூடத் தேறாது, ஆயிரம் பொறுக்கினால்தான் 4 கிலோ. ஒவ்வொன்றுக்கும் ஆளைத் தேடிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தால் நான் எப்போது சுடுவது? கேஸில் பெயரா எழுதியிருக்கிறது?

ஆஸ்டின்வாசி:
எழுதியிருந்தது அண்ணா. அடிப்பக்கம் நீல மார்க்கர் கோடு. நீலம் என்றால் ஐந்து முறை சுட்டாகிவிட்டது, இன்னும் ஒரு தடவைக்கு அப்புறம் குப்பைக்கு என்று அர்த்தம். செமி-ஆட்டோவில் ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் இழுபடும். அடியிலிருந்து கொஞ்சம் மேலே சுவர் மெலிந்துகொண்டே வரும். ஒருநாள் அந்த இடத்திலேயே இரண்டாகப் பிய்ந்து, பாதி, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் மாட்டிக்கொள்ளும். அவர் அதைப் புதுசு போல நினைத்து லோட் செய்தால்? 9 எம்எம் என்றால் நானும் கேட்டிருக்க மாட்டேன். நல்ல .308 பிராஸ் புதிதாக வாங்கினால் ஒன்று ஒரு டாலருக்கு மேலே போகிறது.

வாளிக்காரன்:
அது எடுத்தவர் கவலை, உங்கள் கவலை இல்லை. பொறுக்கின எதையும் நான் பார்க்காமல் லோட் செய்ததில்லை. காந்தம் வைத்து இரும்புக் கேஸைப் பிரிப்பேன். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் மெலிந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். உள்ளே இரண்டு சின்ன ஓட்டை தெரிந்தால் பெர்டான் வகைப் பிரைமர் (பிரைமர் என்றால் மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி), ரீலோடுக்குத் தோதில்லை, அதைத் தூக்கிப் போட்டுவிடுவேன். (பெர்டானைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கர், ஒற்றை ஓட்டை பாக்ஸரைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்துக்காரர். ஆனால் அமெரிக்கா முழுக்க ஓடுவது பாக்ஸர் பிரைமர்தான். கூத்தைப் பாருங்கள்.)

பழைய கேடட்:
கல்லூரியில் என்சிசியில் .22 சுட்டவன் நான். ஐந்து ரவுண்ட் கொடுத்தால் ஐந்து காலி கேஸை எண்ணித் திருப்பித் தரவேண்டும். ஒன்று குறைந்தால் மொத்தப் பேரும் புல்லில் மண்டிபோட்டுத் தேடவேண்டியதுதான், அது வரைக்கும் டிபன் கிடையாது. அந்தப் பழக்கத்தில் இங்கே முதல்முறை ரேஞ்சுக்குப் போனபோது, சுட்ட ஐம்பதையும் பொறுக்கி எண்ணிக் கவுண்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். .22 கேஸை ரீலோடும் செய்ய முடியாது. அங்கிருந்த பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வாசலில் இருக்கும் போர்டைப் படியுங்கள். தரையில் விழுந்த பிராஸ் எங்களுடையது என்று எழுதிவைத்திருக்கும் ரேஞ்சுகள் நிறைய உண்டு, உள்ளரங்கு ரேஞ்சுகளில் முக்கியமாக. அவர்கள் அதை மொத்தமாக விற்கிறார்கள். நீங்கள் இருவரும் மூன்றாம் ஆள் சொத்துக்குச் சண்டை போடுகிறீர்களோ என்னவோ.

ஆஸ்டின்வாசி:
போர்டில் 'உங்கள் பிராஸை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்' என்றுதான் இருக்கிறது.

பழைய கேடட்:
அப்படியானால் வாளிக்காரர் கட்சி அங்கேயே தோற்றது. எங்கள் ஊரில் அறுப்பு முடிந்ததும் கதிர் பொறுக்க வருவார்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் கட்டு களத்துக்குப் போய்ச் சேராமல் ஒருவரும் வயலில் கால் வைக்கமாட்டார்கள். நீங்கள் அவர் அறுத்துக்கொண்டிருக்கும்போதே இறங்கலாம் என்கிறீர்கள்.

வாளிக்காரன்:
வயலும் அவருடையதா? என் லேனில் வந்து விழுந்ததைப் பற்றித்தானே பேச்சு. சுடச்சுட ஒரு கேஸ் என் சட்டைக் காலருக்குள்ளும் விழுந்திருக்கிறது. அப்போது அது என்னுடையது என்று யாரும் ஓடிவரவில்லை.

சனிக்கிழமைக்காரன்:
காலர் கதைக்கு என் அனுதாபம். ஆனால் யாருமே கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அவர் குனிந்தபோது ரேஞ்ச் ஹாட்டா (சுட்டுக்கொண்டிருந்தார்களா), கோல்டா (எல்லோரும் நிறுத்தியிருந்தார்களா)? போட்டிகளில் இந்த உரிமைச் சண்டையே வருவதில்லை. அமெரிக்கப் பிஸ்டல் போட்டிச் சங்கமான யுஎஸ்பிஎஸ்ஏவின் பெரிய போட்டிகளில் பலவற்றில் 'லாஸ்ட் பிராஸ்' என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், பிறகு யாரும் கேஸைத் தொடக்கூடாது. தேசியக் காட்டு நிலத்தில் சுட்டாலோ நேர் எதிர், பொறுக்காமல் வந்தால் குப்பை போட்ட குற்றம். இடத்துக்கு இடம் விதி மாறும். மாறாதது ஒன்றுதான். சுடும் கோடு தாண்டி உருண்ட கேஸுக்காக, ரேஞ்ச் கோல்டு ஆகாமல், ஒரு ஆள் முன்னே போகக்கூடாது. பக்கத்தில் சுடுகிறவர் காலடியில் குனியவும் கூடாது.

ஆஸ்டின்வாசி:
இப்போது யோசித்தால், நான் கடைசி ஐந்து ரவுண்ட் சுட்டபோதே அவர் குனிந்துதான் இருந்திருக்கவேண்டும். அதற்குள் எட்டு கேஸ் வாளிக்குப் போயிருக்கிறதே.

வாளிக்காரன்:
அப்படியென்றால் அது தப்பு. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஹாட்டாக இருக்கும்போது என் வாளி பெஞ்சுக்கு அடியில்தான் இருக்கும். ஆனால் சொத்து விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். 2020-க்கு அப்புறம் பிரைமர் கிடைக்காமல் திண்டாடினோமே, அப்போது வாளி வாளியாகப் பிராஸ் இருந்தும் ஒன்றுக்கும் உதவவில்லை. இதற்கு இவ்வளவு பெரிய மதிப்பெல்லாம் கிடையாது.

சனிக்கிழமைக்காரன்:
மதிப்பில்லை என்கிறவர் வாளியோடு ஏன் வருகிறார்?

பழைய கேடட்:
:-) இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. பொறுக்கின கையோடு சமோசாவை எடுக்காதீர்கள். பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. பிராஸைத் தொப்பியில் அள்ளி, அதே தொப்பியைத் தலையில் மாட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்டின்வாசி:
அடுத்த வாரம் வலப்பக்கம் ஒரு தார்ப்பாய் விரிக்கப்போகிறேன்.

வாளிக்காரன்:
தார்ப்பாயில் விழுந்ததைத் தொடமாட்டேன். தாண்டி விழுந்தால்?

ஆஸ்டின்வாசி:
அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள் அண்ணா. நீலக் கோடு இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

வாளிக்காரன்:
நீலம் சரி. பச்சைக் கோடு யாருடையது? என்னிடம் ஒரு பதினைந்து இருக்கிறது.