குடிவரவு வழக்கறிஞராவதற்கு எத்தகைய பின்னணி தேவை?

கேள்வி – இறுதியாண்டு சட்ட மாணவர்

குடிவரவுச் சட்டத்தில் தொழில் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. மூத்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர், "அது படிவம் நிரப்பும் வேலை, அதற்குச் சட்டப் படிப்பே தேவையில்லை" என்கிறார்கள். மற்றவர்களோ நாடுகடத்தப்படும் நிலையில் உள்ள ஒருவருக்காக வாதாடுவதைப் போன்ற கடினமான வழக்கு வேறில்லை என்கிறார்கள். இரு தரப்பினரும் ஒரே தொழிலைப் பற்றித்தான் பேசுகிறார்களா? இத்துறையில் உள்ளவர்கள் அன்றாடம் என்ன செய்கிறார்கள், குடிவரவு ஆலோசகருக்கும் வழக்கறிஞருக்கும் உண்மையில் என்ன வேறுபாடு என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – குடிவரவு வழக்கறிஞர், அமெரிக்கா

இரு தரப்பினரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தரப்பு அலுவலகத்தைப் பார்த்திருக்கிறது, மற்றொன்று நீதிமன்றத்தைப் பார்த்திருக்கிறது. நான் முதல் நான்கு ஆண்டுகள் நிறுவனங்களுக்காக எச்-1பி என்ற வேலை விசாவுக்கான விண்ணப்பங்களைத் தயாரித்தேன். ஆண்டுக்கு 65,000 பேர், அமெரிக்காவிலேயே முதுகலை அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம் பெற்றவர்கள் மேலும் 20,000 பேர் என உச்சவரம்பு உள்ள விசா அது. அந்தப் பதவிக்கு ஏன் குறிப்பிட்ட துறையில் பட்டம் வேண்டும் என்பதை அதிகாரி ஏற்கும்படி ஒரு கடிதத்தில் எழுதிக் காட்டுவதில்தான் அங்கே திறமையெல்லாம் அடங்கியிருக்கிறது. எளிய வேலை என்று சொல்லமாட்டேன்; ஆனால் எனக்கு அலுத்துவிட்டது.

பிறகு நாடுகடத்தல் வழக்குகளுக்கு மாறினேன். இங்கே குடிவரவு நீதிபதிகள் சுதந்திரமான நீதித்துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். நிர்வாகத்துறைக்கு உட்பட்ட நீதி அமைச்சகத்தின் ஊழியர்கள். அரசுத் தரப்பில் வழக்கறிஞர் இருப்பார். எதிரே நிற்பவரும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு தன் செலவில் அமர்த்தித் தராது. பெருங்குற்ற வழக்குகளில் வசதியற்றவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் 1963ஆம் ஆண்டு கிடியன் தீர்ப்பு உறுதிசெய்த, அரசு செலவில் வழக்கறிஞரைப் பெறும் உரிமை, நாடுகடத்தலை உரிமையியல் நடவடிக்கை என்று வகைப்படுத்தியிருப்பதால் இங்கே பொருந்துவதில்லை. தனியாக நின்று, தனக்குத் தெரியாத மொழியில், தன் வழக்கைத் தானே நடத்தும் மனிதரைப் பார்த்த பிறகு படிவம் நிரப்பும் வேலை என்ற பேச்சு எனக்கு எரிச்சலையே தருகிறது.

அன்றாட வேலை பெரும்பாலும் கேட்பதுதான். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசிய அடையாளம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என ஐந்து காரணங்களைச் சொல்கிறது. புகலிடம் கோருபவர் அடி வாங்கியது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அவற்றில் ஒன்றின் பொருட்டே அடித்தார்கள் என்று காட்ட வேண்டும். கட்சிக்காரர் மூன்று மணி நேரம் காயங்களைப் பற்றியே பேசுவார். அடித்தவர்கள் அப்போது என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை நான் கேட்டால்தான் சொல்வார். பல நேரங்களில் வழக்கே அந்த ஒரு வசவில்தான் இருக்கும். அதைப் பிரமாணப் பத்திரத்தில் சேர்த்து, மருத்துவச் சான்றும் நாட்டு நிலவர அறிக்கைகளும் இணைத்து, நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அந்தக் கெடுவுக்கு விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவை தனக்குப் பொருந்தும் என்று நிறுவும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

பதில் – உரிமம் பெற்ற ஆலோசகர், கனடா

வேறுபாடு நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் கட்டணம் பெற்று ஆலோசனை வழங்க வேண்டுமானால் வழக்கறிஞராகவோ, சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்ற சட்டத் துணையாளராகவோ (பாராலீகல்), கியூபெக் மாகாணத்தில் சட்டத் தொழில் செய்யும் நோட்டரியாகவோ, 2021இல் செயல்படத் தொடங்கிய குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். நான் கடைசி வகையைச் சேர்ந்தவன். விண்ணப்பம் மறுக்கப்பட்டு, அந்த முடிவை நீதிமன்றம் மறுபரிசீலிக்கும் நீதிப் புனராய்வுக்காக ஃபெடரல் நீதிமன்றம் செல்ல வேண்டிய நிலை வந்தால் நான் வழிவிட வேண்டும், வழக்கறிஞர் மட்டுமே அங்கே நிற்க முடியும். நாட்டுக்குள் எடுக்கப்பட்ட முடிவுக்கு எதிராக அந்த மனுவைத் தாக்கல் செய்யப் பொதுவாகப் பதினைந்து நாட்கள்தான் உண்டு என்பதால், எந்த இடத்தில் கோப்பைக் கைமாற்ற வேண்டும் என்று அறிந்திருப்பதும் எங்கள் தகுதியில் ஒரு பகுதி. பிரிட்டனில் தகுதியில்லாமல் குடிவரவு ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும்.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கும் வழி உண்டு. கனடாவில் அவர்களுடைய பட்டத்தை மதிப்பிடுவதற்கெனத் தேசியக் குழு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் 2021 முதல் சொலிசிட்டர் ஆவதற்கான எஸ்.கியூ.இ. தேர்வு நடைபெறுகிறது, நியூயார்க்கில் எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு, வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வு எழுதுபவர்கள் பலர்.

பதில் – நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்

வழக்கறிஞர்களின் அருகில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு விசாரணையில், தனக்கு உடன்பிறந்த சகோதரர் யாரும் இல்லை என்று படிவத்தில் எழுதியிருந்தவர், சாட்சியத்தின்போது "அண்ணன் வீட்டில் ஒளிந்திருந்தேன்" என்றார். அவர் குறிப்பிட்டது பெரியப்பா மகனை. ஆங்கிலத்தில் அது சகோதரர் என்றே பதிவாகி, அரசுத் தரப்பு அதை முரண்பாடாகப் பிடித்துக்கொண்டது. அவருடைய வழக்கறிஞருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் குடும்ப உறவுகளை வரைபடமாகவே போட்டு ஆவணங்களுடன் முன்கூட்டியே தாக்கல் செய்திருந்ததால், இரண்டு நிமிடங்களில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. மொழி தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் எந்தச் சொல் எங்கே இடறும் என்று முன்பே யோசித்து வைத்திருப்பதை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி கேட்ட மாணவர்

அனைவருக்கும் நன்றி. முதல் ஓராண்டு குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் பயிற்சி பெறும் வாய்ப்பு வந்திருக்கிறது. குடிவரவுத் துறைக்குப் போக நினைப்பவருக்கு அது வீண்தானா?

பதில் – குடிவரவு வழக்கறிஞர், அமெரிக்கா

தயங்காமல் சேருங்கள். படிலா எதிர் கென்டக்கி வழக்கின் தீர்ப்பையும் அந்த ஆண்டிலேயே படித்துவிடுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவில் நிரந்தரக் குடியிருப்பு உரிமையுடன் வாழ்ந்து, வியட்நாம் போரில் அந்நாட்டுப் படையில் பணியாற்றிய ஒருவர், கஞ்சா கடத்திய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இவ்வளவு காலம் இங்கே இருந்துவிட்டதால் குடிவரவு நிலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று தம் வழக்கறிஞர் சொன்னதை நம்பியே ஒப்புக்கொண்டதாக அவர் பின்னர் கூறினார். உண்மையில் அந்த ஒப்புதல் அவரை நாடுகடத்தலுக்கு உள்ளாக்கும் தன்மையுடையது. நாடுகடத்தப்படும் ஆபத்தைக் கட்சிக்காரருக்கு எடுத்துரைப்பது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து குற்றவியல் வழக்கறிஞர்கள் ஒப்புதலுக்கு முன்பே என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறார்கள். அவர்கள் மொழியில் பதில் சொல்லத் தெரிந்திருப்பதால்தான் மீண்டும் அழைக்கிறார்கள்.