ஆத்தாவின் கீழ்ப் பல்செட் நிற்கவில்லை, 78 வயதில் இம்ப்ளாண்ட் வைக்கலாமா?

கோட்டையூர்க்காரன்:
ஆத்தாவுக்கு மேல் செட் நன்றாகப் பிடித்திருக்கிறது. கீழ் செட்தான் வாயைத் திறந்தாலே எழும்புகிறது. மகன் கல்யாணத்துக்குச் சீப்புச்சீடை மாவுக்குப் பக்குவம் சொன்னதே ஆத்தாதான். ஆனால் ஒரு சீடையைக் காபியில் ஊறவைத்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரைக்குடியில் பார்த்த டாக்டர், கீழ்த்தாடை எலும்பில் திருகு மாதிரி 2 இம்ப்ளாண்ட் வைத்துச் செட்டை அதில் மாட்டலாம், வாயில் அச்சு எடுக்க வேண்டாம், எல்லாம் ஸ்கேன்தான் என்கிறார். சர்க்கரை உண்டு. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை. செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, என் மாமியாருக்கு 81 வயதில் செய்தோம். முதலில் அந்த எலும்பு மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா? அலெண்ட்ரோனேட் வகை என்றால், தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து உண்டு. அபூர்வம்தான், வந்தால் பெரும்பாடு. எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரியும் பார்த்துவிடுங்கள்.

2 போதும். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு 2 இம்ப்ளாண்டில் மாட்டும் செட்தான் முதல் தேர்வு என்று 2002-லேயே கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்.

பழைய செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அத்தையின் செட்டில் குண்டூசித் தலை அளவுக்குச் சில புள்ளிகள் வைத்து, அதைக் கடித்தபடி இருக்கச் சொல்லி சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். அப்புறம் செட்டை மட்டும் தனியாக. இரண்டு படத்திலும் அந்தப் புள்ளிகளைப் பொருத்தினால் எலும்பு, நரம்பு, பல் வரவேண்டிய இடம் எல்லாம் ஒரே திரையில் வந்துவிடுகிறது. அந்த அளவில் துளைக்கு வழிகாட்டும் ஒரு தகட்டை 3டி பிரிண்ட் எடுத்து, அதன் ஓட்டை வழியாகத்தான் துளை போட்டார்கள். ஈறைப் பெரிதாகக் கிழிக்கவில்லை.

எலும்பு பிடிக்க மூன்று மாதம். செட்டை முதலில் மாட்டியபோது 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. அன்று சாயங்காலமே அத்தை தேன்குழல் கேட்டார்கள்.

பல் லேப் தம்பி:
அண்ணே, ஸ்கேன் மட்டும் போதும் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. பல் இல்லாத கீழ் ஈறு எச்சிலில் வழுக்கும், நாக்கு வந்து தள்ளும், ஸ்கேனருக்குப் பிடிமானம் கிடைக்காது. பல நேரம் பழைய செட்டின் உட்புறத்திலேயே அச்சு எடுத்து, அந்தச் செட்டை ஸ்கேன் செய்வோம். அந்த ஸ்கேன் ஃபைல் இருந்தால் செட் தொலைந்தாலும் மறுபடி செய்யலாம். செட்டுக்குள் இம்ப்ளாண்டைக் கவ்விப் பிடிக்கும் நைலான் வளையம் தேயும்; அதை மாற்றித் தர ஊர்ப்பக்கத்திலேயே ஆள் உண்டா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டையூர்க்காரன்:
ஆச்சி, மாத்திரை 4 வருஷமாகப் போகிறது. டாக்டரிடம் சொல்லவே இல்லை. பழைய செட் ஒன்று பெட்டகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை மருந்துச் சீட்டையும் அதையும் எடுத்துக்கொண்டு ஆத்தாவைக் கூட்டிப் போகிறேன்.